நன்றியுரைக்குப் பிறகு பாடியவர்கள்

பிற்பகல் மூன்றே முக்கால். மணற்காட்டில் சவுக்குத் தோப்பைத் தாண்டி மணல்மேட்டின் அடியில் போய் நின்றபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு மெத்தைக் கதிரை. சிவப்பு வெல்வெற் உறை, பொன்நிறக் கைப்பிடி. முன்கால்கள் இரண்டும் மணலில் புதைந்து, யாரையோ கும்பிடுவதுபோலக் குனிந்து நின்றது. அதன் பக்கத்தில் அதே மாதிரிக் கதிரைகள் ஒரு வரிசை. வரிசையின் இரு முனைகளிலும் ஆளுயரத்துக்கு மேல் நீண்ட இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகள் நட்டிருந்தன. இரண்டுக்கும் மாலை போட்டிருந்தார்கள். ஒன்றுக்குச் சந்தனமும் வைத்திருந்தார்கள்.

நீங்கள் ஒலிவாங்கி பிடிக்கப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உச்சரிப்பையும் குரலையும் பற்றிச் சொல்லித்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் பகலில் பத்திரிகையில் செய்தி திருத்தி, மாலையில் மேடைகளில் அறிவித்தவன். அந்த இரண்டு வேலையிலிருந்தும் ஓய்வுபெற்றுவிட்டேன். உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது அந்தக் கதிரை வரிசையின் கதைதான்.

விழாவைத் தொடங்கியவர் நடேசு அண்ணை. சுவிஸில் பனிச்சறுக்கு நடக்கும் மலையூர் ஒன்றில் ஹோட்டல் சமையற்கட்டில் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, அந்தப் பனிச்சறுக்குக் கட்டைகளோடு திரும்பியவர். அந்த ஊரில் ஆண்டுதோறும் பனிச்சரிவிலே திறந்தவெளி இசைவிழா நடக்குமாம். மேடை கீழே, சனம் சரிவில். சமையற்கட்டு யன்னலால் பார்த்துக்கொண்டே இவர் உருளைக்கிழங்கு உரித்திருக்கிறார்.

"ஒருத்தரும் கதைக்கமாட்டினம் அண்ணை," என்று என்னிடம் சொன்னார். "ஒரு பெடியன் வந்து நிப்பான், பாடுவான். சனம் பனியிலை குந்தியிருந்து கேக்கும். முடிஞ்சால் எழும்பிப் போகும். அவ்வளவுதான்."

யாழ்ப்பாணத்தில் பனி இல்லை, சரிவு இருக்கிறது. மணற்காட்டு மேடுகளைப் பார்த்த அன்றே தீர்மானித்துவிட்டார். முதல் வருடம் அவர் நினைத்தபடியே நடந்தது. கதிரை இல்லை, உரை இல்லை. சனம் மணலில் இருந்து கேட்டது. பிள்ளைகள் தேநீர்த் தட்டங்களில் குந்திச் சரிவால் சறுக்கினார்கள். விழா நன்றாக நடந்ததால் ஒரு குழு அமைக்க வேண்டும் என்று ஊரில் பேச்சு வந்தது. குழு அமைந்தால் தலைவர் வேண்டும். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் தலைவரானார். தலைவர் இருந்தால் தலைமையுரை வேண்டும். தலைமையுரை இருந்தால் அதற்கு முன் வரவேற்புரை வேண்டும். இப்படியே மூன்றாம் வருடம் வந்து சேர்ந்தபோது மெத்தைக் கதிரைகள் சவுக்குத் தோப்புக்குள்ளால் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கின. நடேசு அண்ணைக்கு ஆறுதலாக நன்றியுரையைக் கொடுத்திருந்தார்கள்.

அந்த வருடம் நடேசு அண்ணை ஒரு விருந்தாளியைக் கூட்டி வந்திருந்தார். பெயர் உர்ஸ். மலையூர் விழாவுக்குப் பாட்டுக்காரரைத் தெரிவு செய்பவர். கொழும்புக்கு வேறு அலுவலாக வந்தவரை, ஒரே ஒரு குழுவைக் கேட்டுவிட்டுப் போங்கள் என்று மன்றாடி யாழ்ப்பாணம் வரச் செய்திருந்தார். உர்ஸ் அன்றிரவே திரும்பிவிட வேண்டும். ஏழு மணிக்கு வாகனம் புறப்படும்.

அந்த ஒரே குழு குருநகரிலிருந்து வந்த ஐந்து பேர். ஜெறோம் கிற்றார் வாசிப்பார். அவருடைய தங்கை றெஜினா பாடுவார். கோயில் பாடகர் குழுவில் தொடங்கி, பிறகு தாங்களே பாட்டுக் கட்டிப் பாடியவர்கள். உர்ஸுக்குப் பிடித்தால் மாரிகாலத்தில் பனிமலைக்குப் போகலாம். பிடிக்காவிட்டால் றெஜினா நகரத்துத் தொலைபேசிக் கடையில் உறை விற்பதைத் தொடரலாம். இது ஐந்து பேருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

நிகழ்ச்சி நிரலில் ஐந்து மணிக்கு இசை. ஐந்து மணிக்குத்தான் விளக்கேற்றத் தொடங்கினோம்.

ஓகஸ்ட் மாதம், சோளகக் காற்று. திறந்த மணல்வெளியில் குத்துவிளக்கு. பிரதம விருந்தினர் ஏற்றினார், அணைந்தது. சிறப்பு விருந்தினர் ஏற்றினார், அணைந்தது. நாலு பக்கமும் குடை பிடித்தார்கள்; ஒரு குடை பறந்து போனது. படம் பிடிப்பவர் சலித்துப்போய், "திரியிலை கையை வையுங்கோ, எரியிற மாதிரி நான் எடுக்கிறன்," என்றார். எல்லோரும் கையை வைத்தார்கள்.

இங்கே ஒரு சின்னப் பாடம். அந்த நேரத்தில் "மங்கள விளக்கு ஏற்றப்பட்டது" என்று சொல்லிவிடாதீர்கள்; பொய். "விளக்கு எரியவில்லை" என்றும் சொல்லாதீர்கள். சகுனம் பார்ப்பவர்கள் உங்களை அடுத்த விழாவுக்குக் கூப்பிட மாட்டார்கள். "ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்" என்று சொல்லுங்கள். நான் அப்படித்தான் சொன்னேன். கணக்குப் பார்த்தால் இன்னும் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

விளக்கு முடிந்தபின் நிரலைப் பார்த்தேன். வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, பிரதம விருந்தினர் உரை, சிறப்புரை, வாழ்த்துரைகள். இந்த ஊரில் ஓர் உரையின் முன்பாதி "அவர்களே" என்பது உங்களுக்குத் தெரியும். தலைவர் அவர்களே, பிரதம விருந்தினர் அவர்களே என்று தொடங்கி மேடையில் உள்ள எல்லோரையும் பெயரும் பதவியுமாக விளித்து முடித்த பிறகுதான் பேச்சு. ஒருவரை விட்டால் பகை. அவருடைய ஊரே பகை.

வரவேற்புரை முடிந்ததும், நேரத்தை மிச்சம் பிடிக்க எனக்கு ஒரு யோசனை வந்தது. கெட்டித்தனம் என்று நினைத்தேன். ஒலிவாங்கியை எடுத்து, மேடையில் இருந்த ஒவ்வொருவரையும் குறைவில்லாமல் பதவியோடு விளித்தேன். பிறகு, "எல்லோர் சார்பிலும் எல்லோரையும் ஒருமுறை விளித்துவிட்டேன். இனிப் பேச வரும் பெரியோர் நேரடியாகப் பொருளுக்கு வரலாம்," என்றேன். சரிவில் கைதட்டல் கேட்டது.

தலைவர் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"அறிவிப்பாளர் அவர்கள் எல்லோரையும் விளித்துவிட்டார். ஆகவே நான் மீண்டும் விளிக்க வேண்டிய தேவை இல்லை. இருந்தாலும்," என்று சொல்லிவிட்டு, பிரதம விருந்தினரிடமிருந்து தொடங்கினார். ஒருவரையும் விடவில்லை. கடைசியில், "எல்லோரையும் அழகாக விளித்த அறிவிப்பாளர் அவர்களே," என்றும் சேர்த்துக்கொண்டார்.

அடுத்து வந்தவரும் அதையே சொன்னார். அதற்கு அடுத்தவரும். என்னுடைய யோசனையால் ஒவ்வோர் உரைக்கும் ஒரு முன்னுரை கூடியது. விளிக்கப்படுவோர் பட்டியலில் ஓர் ஆளும் கூடியது. அந்த ஆள் நான்.

இன்னொன்றையும் கவனித்தேன். பெயர் சொல்லப்படும் ஒவ்வொரு முறையும் விருந்தினர் கதிரையிலிருந்து பாதி எழும்பிக் கும்பிட்டுவிட்டு அமர்வார். மேடை என்பது மணலில் விரித்த ஒரு கம்பளம்தான். மேடைப் பலகை வேண்டாம் என்ற ஒரு விடயத்தில் மட்டும் நடேசு அண்ணை வென்றிருந்தார். ஒவ்வொரு முறை அமரும்போதும் கதிரை கொஞ்சம் உள்ளே இறங்கியது. ஆறு மணிக்கு வரிசையாக இருந்தவர்களின் முழங்கால்கள் நெஞ்சுக்கு நேரே வந்துவிட்டன. பிரதம விருந்தினர் கால் நீட்டிய குழந்தையைப் போலத் தரையோடு இருந்தார். மரியாதை குறையாமல் தாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

உர்ஸ் முதல் இரண்டு உரைகளில் தன் பெயர் வரும்போதெல்லாம் முழுதாக எழுந்து நின்று குனிந்தார். மூன்றாவது உரையில் பொன்னாடையோடு எழுந்தவர் திரும்ப உட்காரவில்லை. மெதுவாகப் பின்னால் நடந்து, சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சரிவில் ஏறிச் சனத்துக்குள் குந்திவிட்டார். அதன் பிறகு வந்தவர்கள் அவருடைய வெறுங்கதிரையைப் பார்த்து, "சுவிற்சர்லாந்திலிருந்து வருகை தந்திருக்கும் உர்ஸ் அவர்களே," என்றார்கள்.

ஆறு பத்துக்கு ஜெறோம் மின்பிறப்பாக்கிக்குப் பக்கத்தில் என்னைப் பிடித்தார். கிற்றாரைத் துவாயால் சுற்றிக் குழந்தையைப் போல வைத்திருந்தார். மணல் போகாமல் இருக்க.

"அண்ணை, எங்களை விடுறியளோ, வீட்டை போறதோ?"

"இன்னும் மூண்டு பேர் இருக்கினம் தம்பி."

"மூண்டு பேரெண்டால் ஏழு மணி. அந்த மனிசன் வெளிக்கிட்டிடும்."

றெஜினா கம்பளத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்களுக்கும் ஒரு வாழ்த்துரை எண்டு போடுங்கோ அண்ணை. நான் பாட்டையே வாசிச்சுப்போட்டு இறங்கிறன். கடைசியிலை பொன்னாடையாவது கிடைக்கும்."

"பகிடி விடாதை," என்றார் ஜெறோம்.

"பகிடியில்லை. எனக்குக் குளிருது. பனிமலைக்குப் போறதுக்குப் பழகிறன்."

நடேசு அண்ணை தலைவரின் காதருகே குனிந்து கேட்பதைப் பார்த்தேன். கதிரை தாழ்ந்திருந்ததால் அவர் மணலில் முழங்கால் ஊன்ற வேண்டியிருந்தது.

"சேர், ரெண்டு பேரைப் பாட்டுக்குப் பிறகு கதைக்க விடுவமே? வெள்ளைக்காரன் பாட்டுக் கேக்கத்தான் வந்தவர்."

"ஆரை விடுறது நடேசு? உவரை விட்டால் அவர் கோவிப்பார். அவரை விட்டால் உவர். மரபு எண்டு ஒண்டு இருக்கெல்லோ."

"மூண்டு வருஷம்தானே சேர் நடக்குது."

"அதுதான் சொல்லுறன். இப்ப விட்டால் மரபு எப்பிடி வாறது?"

நடேசு அண்ணை எழுந்து முழங்கால் மணலைத் தட்டினார். என்னைப் பார்த்தார்.

நான் தொழில் பழகிய காலத்தில் ஒரு மூத்த அறிவிப்பாளர் எனக்கு ஒரேயொரு விதியைத்தான் சொல்லியிருந்தார். கடைசிப் பாட்டு முடியும் மட்டும் நன்றியுரை என்ற சொல்லை வாயில் எடுக்காதே. எடுத்தால் சனம் செருப்புத் தேடத் தொடங்கிவிடும், பிறகு ஒருவராலும் பிடித்து வைக்க ஏலாது. அந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை. அன்று மேடையைப் பார்த்தபோது அதற்கு மறுபக்கம் ஒன்று இருப்பது தெரிந்தது. கதிரையில் இருந்த ஒருவரும் பேசுபவரைக் கேட்கவில்லை. தங்கள் பெயர் வருகிறதா என்று மட்டும் கேட்டார்கள். ஒருவர் கைபேசியில் மூழ்கியிருந்தார், ஒருவர் நித்திரை. எத்தனை பேர் பேசினார்கள், எத்தனை பேர் மீதி என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரியாது என்று ஒருவரும் ஒத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

வாழ்த்துரை ஒன்று முடிந்தது. மீதி இரண்டு பேர். நான் ஒலிவாங்கியை வாங்கினேன்.

"அடுத்து," என்றேன். கொஞ்சம் நிறுத்தினேன். "நன்றியுரை."

நித்திரையில் இருந்தவர் விழித்தார். கைபேசி சட்டைப் பைக்குள் போனது. பிரதம விருந்தினர் மணிக்கூட்டைப் பார்த்துத் தலையசைத்தார். தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கையில் இருந்த நிரலைப் பார்த்தார். கண்ணாடி பையில் இருந்தது. நிரலை மடித்துவிட்டு எழும்பக் கையை நீட்டினார். தொண்டர்கள் ஓடிவந்து பெரியவர்களை ஒவ்வொருவராகக் கதிரையிலிருந்து இழுத்தெடுத்தார்கள்.

மீதியாக நின்ற இருவரில் ஒருவர் விழா மலரை மடியில் வைத்து விரித்தபடி இருந்தார்; நன்றியுரை என்றதும் அதை மூடிவிட்டு முதல் ஆளாக எழுந்துவிட்டார். மற்றவர் ஓய்வுபெற்ற அதிகாரி. பேச்சை எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். பையில் கையை வைத்தபடியே என்னிடம் வந்தார்.

"தம்பி, நான் இன்னும் கதைக்கேல்லை."

"ஐயா, உங்கடை உரை விழா மலரிலை முழுக்க வந்திருக்கு. முதல் பக்கம்."

"படத்தோடையோ?"

"படத்தோடை."

கையைப் பையிலிருந்து எடுத்தார். தேநீர்ப் பந்தல் சவுக்குத் தோப்பில் இருந்தது. அங்கே வடை பொரியும் வாசனை காற்றுக்கு எதிராகக்கூட வந்துகொண்டிருந்தது. அவரும் போனார்.

இதற்குள் நடேசு அண்ணை ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்றார். கையில் நன்றியுரைக் கடதாசி. யார் யாருக்கு நன்றி என்று குழு எழுதிக் கொடுத்தது. கடதாசியைப் பார்த்தார். சரிவில் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்த சனத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது.

"நன்றி," என்றார். ஒலிவாங்கியைத் தந்துவிட்டு இறங்கிவிட்டார். நான் கேட்ட உரைகளில் ஆகச் சிறியது அதுதான்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் அறிவிக்கவில்லை. ஜெறோமைப் பார்த்துக் கையைக் காட்டினேன்.

மணலில் செருப்புத் தேடுவது சுகமான வேலையல்ல, புதைந்துவிடும். சனம் குனிந்து கிளறிக்கொண்டிருக்கும்போதே கிற்றார் தொடங்கிவிட்டது. முதல் பாட்டு, நடுக்கடலில் ஏலாது என்று நின்றுவிட்ட ஒரு படகு எஞ்சினை ஒருவன் கெஞ்சுவது. றெஜினா அந்த எஞ்சினைப் பிள்ளையை எழுப்புவது போல எழுப்பினார், பிறகு புருஷனைத் திட்டுவது போலத் திட்டினார். சரிவில் ஒரு பெண் சிரித்தாள். குனிந்தவர்கள் அப்படியே குந்தினார்கள். இரண்டாம் பாட்டில் சரிவு முழுவதும் திரும்ப அமர்ந்துவிட்டது. கீழே மெத்தைக் கதிரைகள் வெறுமையாக, மணலுக்குள் கைப்பிடி மட்டும் தெரிய நின்றன.

அங்கிருந்தவர்களில் நன்றியுரை என்ற சொல் விளங்காத ஒரே ஆள் உர்ஸ். அதனால் அவர் எழும்பவே இல்லை. சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு முதல் சொல்லிலிருந்து கேட்டார். ஏழு மணிக்கு வாகனக்காரர் ஹோர்ன் அடித்தார். உர்ஸ் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பவும் அடித்தார். உர்ஸ் சப்பாத்தை உயர்த்திக் காட்டினார்; பொறு என்று அர்த்தம் போலும்.

புறப்படும்போது உர்ஸ் நடேசு அண்ணையிடம் மலையூர் மொழியில் ஏதோ கேட்டார். என்ன என்று நான் விசாரித்தேன்.

"முன்னுக்கு இருந்த ஆக்கள் பாட்டுத் தொடங்க முதல் ஏன் எழும்பிப் போனவை எண்டு கேக்கிறார்."

"என்ன சொன்னியள்?"

"அவைக்கு விழா முடிஞ்சுது எண்டன்."

தலைவர் தேநீர்க் கோப்பையோடு தோப்பிலிருந்து திரும்பி வந்தார். கம்பளத்தின் ஓரத்தில் நின்று ஒரு பாட்டு முழுவதும் கேட்டார். காலால் தாளம்கூடப் போட்டார்.

"என்ன, இன்னும் நடக்குதோ?"

"ஓம் சேர்."

"நல்லாப் பாடுதுகள். உவை ஆர்?"

சொன்னேன். "குருநகரோ?" என்றார். "முதலே தெரிஞ்சிருந்தால் நல்ல இடத்திலை போட்டிருக்கலாம்."

மறுநாள் பத்திரிகையில் செய்தி வந்தது. என் மேசையால் போன செய்திதான். யார் எந்தத் திரியை ஏற்றினார்கள், யாருக்கு யார் பொன்னாடை போர்த்தினார்கள் என்பதெல்லாம் விவரமாக இருந்தது. நிருபர் வடை சாப்பிட்டுவிட்டுத் தோப்பால் நேரே புறப்பட்டிருக்க வேண்டும். கடைசியில் நான் ஐந்து பேருடைய பெயரையும் எழுதிச் சேர்த்தேன். பக்கத்தில் இடம் போதவில்லை என்று அந்த வரிகளைக் குறுக்கிவிட்டார்கள். அச்சில் வந்தது இது: "இசை நிகழ்ச்சியும் இடம்பெற்றது."

உங்களுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஏதும் இருந்தால் இதுதான். ஒலிவாங்கியைக் கையில் வைத்திருப்பவருக்கு அதிகாரம் இல்லை, சொற்கள்தான் இருக்கின்றன. எந்தச் சொல்லுக்கு யார் எழும்புவார், யார் இருப்பார் என்பதை மேடை ஏறுவதற்கு முன் தெரிந்து வைத்திருங்கள். அந்த உபாயத்தை நான் ஒருமுறைதான் செய்தேன். இரண்டாம் முறை அது பலிக்காது. பலிக்கக்கூடிய நாளை அடையாளம் காண்பதுதான் தொழில்.

உர்ஸிடமிருந்து அழைப்பு வந்தது. மாரிகாலத்தில் ஐவரும் போனார்கள். திரும்பி வந்த கிழமை றெஜினா என் வீட்டுக்கு வந்து சொக்கலேற் தந்தார்.

"எப்பிடிப் பிள்ளை?"

"மேடையிலை ஒரு கதிரை இல்லை அண்ணை. எங்களை ஆரும் விளிக்கவுமில்லை. ஒரு பெடியன் நீங்கள் காட்டின மாதிரிக் கையைக் காட்டினான். ஜெறோம் அண்ணைக்கு விரல் விறைச்சுப் போச்சுது. எண்டாலும் வாசிச்சவர்."

"சனம்?"

"பனியிலை குந்தியிருந்து கேட்டதுகள். எஞ்சின் பாட்டுக்குச் சிரிச்சதுகள். என்ன விளங்கிச்சுதோ தெரியாது."

"பனி எப்பிடி?"

கொஞ்சம் யோசித்தார். "மணல் மாதிரித்தான். ஆனால் சப்பாத்துக்குள்ளை போனால் இருந்த இடம் தெரியாமல் போயிடுது. மணல் எண்டால் வீடுவரைக்கும் கூட வரும்."

அடுத்த ஓகஸ்டில் நான் அறிவிக்கவில்லை. கால் வலி. சரிவில் ஏறிச் சனத்தோடு குந்தியிருந்தேன். உங்களில் ஒருவர்தான் ஒலிவாங்கியில். குரல் நன்றாக இருந்தது. இம்முறை கதிரைகள் தாழாமல் இருக்க ஒவ்வொரு காலுக்கும் கீழே பலகைத் துண்டு வைத்திருந்தார்கள். வரிசையும் நீண்டிருந்தது. பனிமலையில் பாடித் திரும்பிய குருநகர்க் குழுவினர் ஐவரையும் விழாக் குழு அந்த வருடத்துச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தது. ஐவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். ஜெறோமும் ஒரு திரியில் கை வைத்தார். கிற்றார் எங்கே என்று தெரியவில்லை.

ஐவர் சார்பிலும் றெஜினாவைப் பேச அழைத்தார்கள். சேலை கட்டியிருந்தார். ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்று சரிவைப் பார்த்தார். நான் இருந்த பக்கமும் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு, "தலைவர் அவர்களே," என்று தொடங்கினார்.

நிகழ்ச்சி நிரலில் அவர்களுக்குப் பாட நேரம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.